கழுத்தளவுக் கோடு

சுக்குவை யாராவது நாய் என்று சொல்லிவிட்டால் போதும், இளம்பரிதிக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். "நல்லா கண்ணைத் தொறந்து பாருங்க. இது நாயா? ஓரிங்க, வயலோரி!" என்று வழியில் போகிறவரைக்கூட நிறுத்தி வைத்துப் பாடம் நடத்துவான். கேட்கிறவருக்கு பஸ் போய்விடும்.

அவன் சொல்வதிலும் தப்பில்லை. ஓரி தூரத்துப் பார்வைக்குத்தான் நாய். பக்கத்தில் போனால் காது நரிக்காது, விரல் இடுக்கில் வாத்துக்கு இருக்கிற மாதிரி சவ்வு. குரைக்கவே குரைக்காது. பசித்தால் தொண்டைக்குள்ளே உலை கொதிக்கிற மாதிரி ஒரு சத்தம் போடும், அவ்வளவுதான். வாய்க்கால் கரைப் பொந்துகளில் குட்டி போடும். காவிரித் தண்ணீர் பாயாத ஊரில் ஒரு நாள்கூடத் தங்காது.

அதைவிட அதிசயம் அதன் ரோமம். பருவத்துக்குப் பருவம் அதில் ஒரு குறி விழும். குறுவை நடவு சமயத்தில் முதுகு நெடுக நாற்று வரிசை போலப் பச்சை கலந்த கோடுகள். கதிர் பால் பிடிக்கிறபோது விலாவில் வெள்ளைப் புள்ளிகள். அதற்குப் பால்மணி என்று பெயர். மார்கழியில் முகத்தைச் சுற்றிச் சாம்பல் பூத்த மாதிரி பனிப்பூ. பருவம் போனால் குறியும் ரோமத்தோடு உதிர்ந்துவிடும். இப்படிக் குறி விழுந்த ஓரிகளைத் தேடித் தேடிச் சேர்ப்பதற்கென்றே தஞ்சாவூரிலும் சென்னையிலும் ஆட்கள் இருக்கிறார்கள், தபால்தலை சேர்க்கிறவர்கள் மாதிரி. வாட்ஸ்அப்பில் குழு வைத்துக்கொண்டு, உன் பால்மணி ஒரிஜினலா, என் பனிப்பூ ஒரிஜினலா என்று சட்டையைப் பிடிக்காத குறையாகச் சண்டை போடுவார்கள். சாப்பாட்டுக்குக் கவலை இல்லையென்றால் மனுஷனுக்கு என்னதான் தோன்றாது!

இளம்பரிதியின் மனைவி செம்மொழிக்கு இந்தப் பைத்தியமெல்லாம் கிடையாது. நீடாமங்கலத்தில் ஒரு பல் டாக்டரிடம் அவளுக்கு வேலை. நாள் முழுக்க அடுத்தவர் வாயைப் பார்த்துவிட்டு வருகிறவளுக்கு வீட்டில் இன்னொரு வாய் எதற்கு? ஆனால் கட்டினவன் தூக்கிக்கொண்டு வந்து நிற்கும்போது என்ன செய்வது. இளம்பரிதி ஊருக்குப் பக்கத்துச் சின்னமதகில் லஸ்கர். அதாவது ஷட்டரைத் திருகி ஏற்றி இறக்கித் தண்ணீரைப் பங்கு பிரித்து விடுகிற வேலை. ஆனி மாதம் ஆற்றில் புதுத்தண்ணீர் நுரையோடு வந்த அன்றைக்கு, ஆகாயத்தாமரைக் குப்பையோடு குப்பையாக மதகுக் கம்பியில் ஒரு குட்டி சிக்கிக் கிடந்தது. எடுத்துத் துடைத்து, தன் டிபன்பாக்ஸ் தயிர்சாதத்தைக் கையில் வைத்து நீட்டினான். தின்றது. அன்றிலிருந்து அவன் கைச்சோற்றைத் தவிர வேறு எதையும் மோந்துகூடப் பார்க்காது. சுக்கு நிறத்தில் இருந்ததால் அதன் பெயர் சுக்கு.

"என்னைவிட அதுக்குத்தான் நீங்க ஒழுங்கா சோறு ஊட்டுறீங்க," என்பாள் செம்மொழி.

"நீயும் வாயைத் தொற, ஊட்டுறேன்," என்பான் அவன்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட வாரம், சுக்குவின் நாலு பாதத்துக்கும் மேலே கரிக்கோடு ஒன்று தெரிந்தது. சேற்றில் நின்று வந்த கறை என்று நினைத்து செம்மொழி துணியை நனைத்துத் தேய்த்தாள். போகவில்லை. மறுநாள் கோடு கொஞ்சம் மேலே ஏறியிருந்தது. அதற்குக் கீழே ரோமம் முழுக்க ஈரக் கறுப்பு, மேலே பழைய சுக்கு நிறம். கண்ணுக்குத் தெரியாத தண்ணீரில் அது நின்றுகொண்டிருக்கிற மாதிரி இருந்தது. அழகாய்த்தான் இருக்கிறது என்று ஒரு படம் எடுத்துத் தன் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டாள். அந்தப் படத்தைப் போடாமலே இருந்திருக்கலாம் என்று பின்னால் எத்தனையோ தடவை தலையில் அடித்துக்கொண்டாள்.

அடுத்த நாளே வாசலில் ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. இறங்கியவர் தியாகராசன். தஞ்சாவூரில் கல்யாண மண்டபம் வைத்திருக்கிறவர். வெள்ளைச் சட்டை, சந்தன வாசனை, குரலில் அப்படி ஒரு பணிவு. வீட்டில் பதினெட்டு வகைக் குறிகளுக்கு ஓரி வைத்திருக்கிறாராம், ஒரே ஒரு குறிதான் பாக்கியாம்.

"இதுக்குப் பேரு நீர்க்கோடும்மா," என்றார். "நிறைய ஓரிக்குக் கணுக்காலோட நின்னுடும். சிலதுக்கு முழங்கால். இடுப்பளவே அபூர்வம். கழுத்தளவுன்னு ஒண்ணு இருக்கு. அது மட்டும் உதிராது. ஒரு தடவை நின்னுடுச்சுன்னா ஆயுசுக்கும் அப்படியே இருக்கும்."

"புடிச்சிருந்தா பாத்துக்குங்க சார். ஆனா குடுக்கற யோசனை இல்ல," என்றான் இளம்பரிதி.

"அவசரமே இல்ல தம்பி. கோடு நிக்கட்டும். நின்னப்புறம் பேசுவோம்."

பேசும்போது அவர் கைகள் முதுகுக்குப் பின்னாலேயே கட்டியிருந்தன. ஓரி என்றால் உயிர் என்கிற மனுஷர், காலடியில் வந்து மோந்து பார்த்த சுக்குவை ஒரு தடவை தடவிக் கொடுக்கவில்லை. செம்மொழி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். "விரதம்மா," என்று சிரித்துக்கொண்டே ஒதுங்கினார். காப்பி? அதுவும் விரதம். போகிறபோது, "தம்பிக்கு மதகுலதான் வேலையா? மழை நாள்ல தண்ணிக்குள்ள இறங்க வேண்டி வருமோ?" என்று கேட்டார். "வராம? இறங்கித்தான் ஆகணும்," என்றான் இவன். அவர் இளம்பரிதியைத் தலையிலிருந்து கால் வரைக்கும் பார்த்தார். அன்பான பார்வைதான். மண்டபக்காரர் அடுத்த முகூர்த்தத்தைப் பார்க்கிற அன்பு.

கார் போனதும் இளம்பரிதி சொம்பை எடுத்து அந்தத் தண்ணீரை முருங்கை மரத்தடியில் ஊற்றினான்.

"விரதமாம் விரதம். நம்ம வீட்டுத் தண்ணி தொண்டையில இறங்காது அவருக்கு. நம்ம ஊர்ல இதைப் பாக்காததா?"

"எல்லாத்துக்கும் அதையே சொல்லாதீங்க."

"நீ வேணும்னா பாரு. இந்த வாசல்ல ஒரு மடக்கு குடிக்க மாட்டாரு."

சொன்னபடியேதான் நடந்தது. மனுஷர் தினமும் வந்தார். இளநீர் சீவிக் கொடுத்தால் சர்க்கரை வியாதி என்றார். பலாச்சுளைக்கு வயிறு சரியில்லை என்றார். கோடு முழங்காலைத் தாண்டிய பிறகு வீட்டுக்குள் வருவதையே நிறுத்திவிட்டு, எதிரே வாய்க்கால் கரையில் காரைப் போட்டுக்கொண்டு கண்ணாடியை இறக்கிவிட்டு உட்கார்ந்திருப்பார். மழை பெய்தாலும் உட்கார்ந்திருப்பார். சுக்கு வாசலுக்கு வந்தால் அதைப் பார்ப்பார். இளம்பரிதி சைக்கிளை எடுத்தால் அவனைப் பார்ப்பார். துணி காயப்போட வருகிற செம்மொழி அந்தக் காரைக் கண்டாலே வாளியோடு உள்ளே திரும்பிவிடுவாள். ஏன் என்று அவளுக்கே சொல்லத் தெரியவில்லை.

காரணத்தைச் சொன்னவர் ஜாஃபர் சாதிக். பல் டாக்டர் கிளினிக்குக்குப் பக்கத்தில் அவருக்கு மீன் தொட்டிக் கடை. ஒரு காலத்தில் ஓரி வாங்கி விற்கிற தரகும் பார்த்தவர். மதியம் கடையில் ஆளில்லாத நேரம் செம்மொழி போய், "பாய், எங்க வீட்டு ஓரிக்கு நீர்க்கோடு விழுந்திருக்கு. இடுப்புக்கிட்ட வந்துடுச்சு," என்றாள்.

மீனுக்கு இரை தூவிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது. "தியாகராசன் வந்தாரா?"

"தெனம் வந்து வாசல்ல உக்காந்திருக்காரு."

ஜாஃபர் சாதிக் ஸ்டூலை இழுத்துப் போட்டு அவளை உட்காரச் சொன்னார். அவர் முகம் செத்துப்போயிருந்தது. "தங்கச்சி, நான் சொல்றதைக் கேட்டு பயந்துடாதீங்க. ஆனா கேக்காமயும் போயிடாதீங்க. வலங்கைமான் பக்கம் ஒரு அம்மா ஓரி வளத்தாங்க. கோடு கழுத்துக்கு வந்த அன்னிக்குக் குளத்துக்குப் போன அம்மா திரும்பல. அந்த ஓரியை நான்தான் ஒரு சென்னைக்காரருக்கு வித்துக் குடுத்தேன். அடுத்த வருஷம் இன்னொரு கழுத்தளவு. அந்த வீட்ல ஒரு பையன், காலேஜ் படிக்கறவன், ஆத்துல போயிட்டான். ரெண்டாவது வீட்டு வாசல்ல செருப்பைக் கழட்டும்போதுதான் எனக்கு உறைச்சுது. மத்த குறியெல்லாம் உதிருது, இது மட்டும் ஏன் உதிரலன்னு. உசுரை வாங்கிக்கிட்டு நிக்குது தங்கச்சி. அன்னியோட அந்தத் தொழிலையே விட்டுட்டேன்."

"யாரோட உசுரு?" என்றாள் செம்மொழி.

"யார் கை பட்ட சோத்தைத் தின்னுதோ அவங்க."

கடைத் தெருவில் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே போனது. செம்மொழியின் கண்ணுக்கு முன்னால் இளம்பரிதியின் வலது கைதான் நின்றது. காலையில்கூட மோர்ச்சோற்றை உருட்டி வைத்துக்கொண்டு, "ஆ காட்டு கண்ணு, ஆ காட்டு," என்று கொஞ்சினானே!

"வேற யாராச்சும் சோறு வச்சா மாறிடுமா பாய்?"

"மாறும். கடைசியா யார் சோறோ அவங்கதான். ஆனா ஒரு கைக்குப் பழகிட்டா அடுத்த கையில வாங்காது. எச்சில் இலையை மட்டும் விடாது. அந்த வலங்கைமான் அம்மா ஒரு நாளும் கையால ஊட்டினது இல்ல. சாப்பிட்ட இலையைக் கொல்லையில போடுவாங்க, அதைத்தான் அது நக்கும்." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார்: "தியாகராசனுக்கு இதெல்லாம் அத்துப்படி. ஓரி இருக்கற வீட்ல அவர் பச்சைத் தண்ணி தொடமாட்டார்."

அப்போதுதான் அவளுக்கு எல்லாம் விளங்கியது. கையைப் பின்னால் கட்டியது, சொம்புக்கு ஒதுங்கியது, மதகு வேலையை விசாரித்தது. அட பாவி மனுஷா! ஒரு உயிர் போகிறவரைக்கும் கரையில் காரைப் போட்டுக்கொண்டு காத்திருக்கிறாயே, நீ நல்லா இருப்பியா? செம்மொழி பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தாள். பக்கத்து சீட்டு அம்மா பல் பிடுங்கின வலி என்று நினைத்துக்கொண்டு ஆறுதல் சொன்னாள்.

இளம்பரிதியிடம் சொன்னாள். சிரித்தான். காலைப் பிடித்துச் சொன்னாள். "பல்லு டாக்டர்கிட்ட வேலை பாக்கறவ பேசற பேச்சா இது? ஜாஃபர் பாய் மீனுக்கு இரை போட்டுப் போட்டு மூளை குழம்பிட்டாரு," என்றான். வேலைக்குப் போகாதீர்கள், லீவு போடுங்கள் என்று மன்றாடினாள். அதற்கு மட்டும் அவன் சிரிக்கவில்லை. "ஆத்துல தண்ணி ஏறிக்கிட்டே இருக்கு செம்மொழி. நான் போய் ஷட்டரைத் தூக்கலைன்னா கீழ இருக்கற அத்தனை சம்பாவும் முழுகிடும். நம்ம அண்ணன் தம்பி நட்டதுதானே எல்லாம்?" என்றான்.

அவளே சோறு பிசைந்து நீட்டினாள். சுக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஒரு சாக்குப் பையில் போட்டு, மன்னார்குடி தாண்டி ஒரு பாலத்தடியில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தாள். அவள் பஸ் விட்டு இறங்கி வீட்டுக்கு வந்தபோது அது வாசல்படியில் ஈரமாக உட்கார்ந்திருந்தது. கோடு விலாவுக்கு ஏறியிருந்தது. எதிரே காருக்குள்ளிருந்து தியாகராசன் தலையை ஆட்டி மெல்லச் சிரித்தார்.

தன் எச்சிலையே இலையில் போட்டு அதற்கு வைத்துவிடலாமா என்றும் அவளுக்கு ஒரு நொடி தோன்றியது. தோன்றியதுதான். அடுத்த நொடியே பயம் வந்துவிட்டது. சாக அவளுக்கு மனசு வரவில்லை. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

ஞாயிற்றுக்கிழமை காலை, கோடு நெஞ்சைத் தொட்டிருந்தது. வானம் இருட்டிக்கொண்டு கிடந்தது. செம்மொழி குடையைப் பிடித்துக்கொண்டு நேரே காருக்குப் போனாள்.

"சார், சுக்குவை உங்களுக்கே குடுத்துடலாம்னு அவர்கிட்ட பேசிட்டேன். அவருக்கு ஒரே ஒரு வருத்தம்தான். நீங்க எங்க வீட்ல கை நனைக்க மாட்டேங்கறீங்கன்னு. நாங்க இன்ன ஆளுங்கங்கறதாலதான்னு நெனைக்கிறாரு. எங்க வீட்ல சாப்பிடாதவருக்கு எங்க ஓரியைக் குடுக்க மாட்டேன்னு ஒத்தக் கால்ல நிக்கிறாரு."

தியாகராசன் வெலவெலத்துப் போனார். "ஐயோ, என்னம்மா இது! நான் அப்படிப்பட்ட ஆளே இல்லம்மா. என் மண்டபத்துல எல்லாரும் ஒரே பந்திதான்."

"எனக்குத் தெரியும் சார். அவருக்குத் தெரியணுமே. ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போயிடுங்க. இன்னொரு பார்ட்டி வேற சென்னையிலேருந்து பேசிக்கிட்டு இருக்காங்க."

கடைசியாகச் சொன்னது சுத்தப் பொய். ஆனால் அதுதான் வேலை செய்தது. அவர் கண் ஒரு தடவை சுக்குவிடம் போய் வந்தது. அது இளம்பரிதியின் காலடியில், நெஞ்சளவு கறுப்பில் நின்றுகொண்டிருந்தது. "சரிம்மா. இலையில போடுங்க. தட்டு வேண்டாம்," என்றார்.

இளம்பரிதிக்குத் தலைகால் புரியவில்லை. தப்பாய் நினைத்துவிட்டோமே என்று அவனுக்கு வெட்கமாகிவிட்டது. தானே கொல்லையில் போய்த் தலைவாழை இலை அறுத்துவந்து, துடைத்துப் போட்டான். செம்மொழி சாம்பாரும் வாழைக்காய்ப் பொரியலும் அப்பளமும் சேமியாப் பாயசமும் வைத்திருந்தாள். பரிமாறும்போது அப்பளம் இரண்டு உடைந்தது. ஆண்கள் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். "இன்னும் கொஞ்சம் போட்டுக்குங்க சார், கூச்சப்படாதீங்க," என்று இவன் விழுந்து விழுந்து உபசரித்தான். அவர் கறிவேப்பிலையை ஒவ்வொன்றாகப் பொறுக்கி இலை ஓரத்தில் வரிசையாக வைத்தார். கொல்லைக் கதவு தாழ்ப்பாள் போட்டிருக்கிறதா என்று இடையிடையே திரும்பிப் பார்த்துக்கொண்டார். போட்டிருந்தது.

சாப்பிட்டு முடித்ததும் அவர் இலையை மடித்தார். மடித்ததோடு விடாமல் கையில் எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

"சார், சார், என்ன பண்றீங்க! வைங்க கீழ."

"பரவாயில்ல தம்பி. நானே வாய்க்கால்ல போட்டுட்டுக் கை கழுவிக்கறேன்."

"வந்தவங்க இலை எடுக்கறதா?" இளம்பரிதி எழுந்து நின்றுவிட்டான். "எங்க தாத்தா காலத்துல எங்க ஆளுங்க சாப்பிட்ட இலையை எங்களையே எடுத்துக்கிட்டுப் போகச் சொல்வாங்க சார். எங்க வீட்ல வந்தவங்க யாரும் இலை எடுக்கக் கூடாது. எங்கப்பா கண்டிச்சுச் சொல்லிட்டுப் போயிருக்காரு. குடுங்க."

அதற்குமேல் தியாகராசனால் எப்படிப் பிடித்துக்கொள்ள முடியும்? ஊரெல்லாம் பந்தி பார்த்த மனுஷர். விரல்கள் விட்டுவிட்டன. இளம்பரிதி இரண்டு இலைகளையும் அடுக்கி செம்மொழியிடம் கொடுத்துவிட்டு, விருந்தாளிக்குக் கை கழுவத் தண்ணீர் ஊற்ற வாசலுக்குப் போனான்.

செம்மொழி கொல்லைக் கதவைத் திறந்தாள். சுக்கு பின்பக்கமாக வந்து தயாராக நின்றது, கூப்பிட்ட மாதிரி. அவள் புருஷன் இலையைச் சுருட்டி எரிகிற அடுப்பில் திணித்தாள். மற்றதைத் தரையில் வைத்து விரித்தாள். ஓரத்தில் கறிவேப்பிலை வரிசையாக இருந்தது. சுக்கு குனிந்து மோந்து பார்த்தது. நிமிர்ந்து ஒரு தடவை அவளைப் பார்த்தது. பிறகு நுனியிலிருந்து அடி வரைக்கும், ஒரு பருக்கை விடாமல், கறிவேப்பிலை உட்பட நக்கித் தின்றது. அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். தடுக்கவில்லை. பல்லைக் கெட்டியாகக் கடித்துக்கொண்ட வாய் மாதிரி அவள் மனசு திறக்கவே இல்லை.

வாசலுக்கு வந்தபோது தியாகராசன் அவளுக்காகவே காத்திருந்தார். குரலைத் தாழ்த்திக் கேட்டார். "இலையை எங்கம்மா போட்டீங்க?"

"வாய்க்கால்ல விட்டுட்டேன் சார். தண்ணியோட போயிடுச்சு."

அவர் தோள் தளர்ந்தது. அப்பாடா என்று பெருமூச்சு விட்டார். இளம்பரிதியைத் திரும்பிப் பார்த்தார், பழைய அன்போடு. அப்போது இளம்பரிதியின் போன் அடித்தது. மேலே தண்ணீர் திறந்துவிட்டார்கள், ஓடி வா என்று மதகிலிருந்து. அவன் சட்டையை மாட்டிக்கொண்டே சைக்கிளை எடுத்தான். "கார்ல வர்றியா தம்பி?" என்றுகூட அவர் கேட்கவில்லை. அவன் கண்ணுக்கு மறைகிற வரைக்கும் நின்று பார்த்துவிட்டு, "வரேம்மா. சாயங்காலம் வந்து ஒரு எட்டு பாக்கறேன்," என்றார்.

இந்த ஊரில் வாசலில் நிற்கிற யாரையும் போங்க என்று சொல்கிற வழக்கமில்லை. போய்ட்டு வாங்க என்றுதான் சொல்வார்கள், ஆகாதவனாக இருந்தாலும். செம்மொழிக்கு அந்த 'வாங்க' வாயில் வரவில்லை.

"போங்க சார்," என்றாள்.

அவர் முகம் ஒரு கணம் சுருங்கியது. பிறகு காரில் ஏறி, இளம்பரிதி போன கரை வழியே போய்விட்டார். மழை ஊற்ற ஆரம்பித்தது.

அதற்குப் பிறகு அவள் சுக்குவை விட்டு நகரவில்லை. அது கூடத்தில் அசையாமல் நின்றது. கோடு மேலே வருவதை அவள் கண்ணாலேயே பார்த்தாள். ஒவ்வொரு ரோமமாக நனைகிற மாதிரி நெஞ்சிலிருந்து தோளுக்கு வந்தது, தோளிலிருந்து கழுத்துக்கு. கழுத்தில் வந்து நின்றது. நின்றே விட்டது. முந்தானையை நனைத்துத் தேய்த்தாள். நகத்தால் சுரண்டினாள். தலை மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிகிற மாதிரி சுக்கு அவளையே பார்த்தது.

அப்போது பக்கத்து வீட்டு ராசம்மாள் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு ஓடிவந்தாள். "ஏ செம்மொழி! சின்னமதகுகிட்ட ஒரு வெள்ளைக் காரு ஆத்துல போயிடுச்சாம்டி. உன் வீட்டுக்காரன் உள்ள குதிச்சுட்டானாம்!"

இதைச் செம்மொழி நினைத்தே பார்க்கவில்லையே! ஆற்றில் ஒருத்தன் விழுந்தால் முதலில் குதிக்கிறவன் யார் என்று அவளுக்குத் தெரியாதா? கட்டின புருஷனைப் பற்றி இத்தனை வருஷத்தில் இதுகூடவா தெரியாது? போன் செய்தாள். அடித்துக்கொண்டே இருந்தது. கோடு நின்றுவிட்டது, இரண்டு பேரில் ஒருவர் போயாயிற்று. சேற்றில் செருப்பு புதைய, வெறும் காலோடு கரை மேல் ஓடினாள். அந்த ஆளாக இருக்கட்டும், அந்த ஆளாகவே இருக்கட்டும் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓடினாள். சாமி இருந்தால் அந்த வேண்டுதலைக் கேட்டுக் காதைப் பொத்திக்கொண்டிருக்கும்.

பாதி வழியில் எதிரே வந்தான் இளம்பரிதி. இரண்டு பேர் தாங்கிப் பிடித்துக் கூட்டி வந்தார்கள். உடம்பெல்லாம் சேறு, முழங்கையில் ரத்தம். உயிரோடு வந்தான். செம்மொழி அவன் மேல் விழுந்து கதறின கதறலில் கூட வந்தவர்கள் தள்ளிப் போய்விட்டார்கள்.

வீட்டுக்கு வந்து, உடம்பைத் துடைத்துவிட்டு, சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்த பிறகுதான் அவனுக்குப் பேச்சு வந்தது.

"கரை சேறா கெடந்துச்சு செம்மொழி. காரு வழுக்கிக்கிட்டு வந்து நேரா உள்ள போயிடுச்சு. அவரு எப்படியோ கதவைத் தொறந்துக்கிட்டு வெளிய வந்து ஒரு மூங்கில் கொத்தைப் புடிச்சுக்கிட்டாரு. நான் ஷட்டர்ல கயித்தைக் கட்டிக்கிட்டு இறங்கினேன். கைக்கெட்டுற தூரம். நீட்டினேன். அவர் கையும் வந்துச்சு." அவன் தன் வலது கையை நீட்டிக் காட்டினான். "அப்புறம்தான் என் மொகத்தைப் பாத்தாரு. பாத்துட்டுக் கையை இழுத்துக்கிட்டாரு. 'நீ வேணாம், நீ வேணாம், வேற யாரையாச்சும் வரச் சொல்லு'ன்னு கத்துறாரு. புடிங்க சார், புடிங்க சார்னு கெஞ்சுறேன். என்னைப் பாத்துப் பேயைப் பாத்த மாதிரி பின்னாடி போறாரு. மூங்கில் வேரோட வந்துடுச்சு."

செம்மொழிக்கு அப்போதே புரிந்துவிட்டது. சாகப்போகிறவன் இளம்பரிதிதான் என்று அந்த மனுஷர் கடைசி வரைக்கும் நம்பியிருக்கிறார். சாகப்போகிறவன் கையைப் பிடித்தால் தன்னையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விடுவான் என்று பயந்திருக்கிறார். வாய்க்காலில் விட்டுட்டேன் சார் என்று அவள் சொன்னதை நம்பியிருக்கிறார். உண்மையைச் சொல்லியிருந்தால் அந்தக் கையைப் பிடித்துக் கரையேறியிருப்பார்.

"மதியம் பக்கத்துல உக்காந்து சாப்பிட்டாரே செம்மொழி," என்றான் இளம்பரிதி. அவன் அழுதுகொண்டிருந்தான். "நானும் நம்பிட்டேனே. நம்ம இலையில சாப்பிட்டாரே, நல்ல மனுஷன், நாமதான் தப்பா நெனைச்சுட்டோம்னு. எல்லாம் ஓரிக்காக நடிச்ச நடிப்பா? சாகற நேரத்துலகூட என் கை அவர் மேல படக் கூடாதா? செத்தாலும் சாவேன், உன் கையைத் தொடமாட்டேன்னு ஒரு மனுஷன் இருக்க முடியுமா? அப்படி என்ன இருக்கு என் கையில?"

அவள் அந்தக் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள். குளிர்ந்து விறைத்துக் கிடந்தது. அந்தக் கையில் ஒரு குறையும் இல்லை, அந்த ஆள் பயந்தது வேறு எதற்கோ என்று சொல்ல அவளிடம் நாலே வார்த்தை இருந்தது. சொன்னால் அவன் மனசு ஆறும். சொன்னால் அதற்குப் பிறகு அந்தக் கையைத் தொட அவன் அவளை விடமாட்டான் என்பதும் அவளுக்குத் தெரிந்தது.

கூடத்து மூலையில் சுக்கு எழுந்து நின்றது. தொண்டைக்குள் உலை கொதிக்க ஆரம்பித்தது.

"பசிக்குதுபோல," என்றான் இளம்பரிதி. "இன்னிக்கு நீ சோறு வச்சுப் பாரேன். எனக்கு என் கையைப் பாக்கவே புடிக்கல."

செம்மொழி அவன் கையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். எழுந்திருக்கவும் இல்லை, வாயைத் திறக்கவும் இல்லை.